கம்பெனிக்கு மார்க் போட்ட அவுட்டக்கா

பணிமனையில் பெண்டாட்டியைப் பற்றிப் பேசாத ஓட்டுநர் கிடையாது. பேச்சில் பாதி புலம்பல், மீதி கேலி. பெருமை பேசுகிற ஆள் ஒருவர்தான். அவரைப் பிரேக் என்று கூப்பிடுவார்கள். நின்றுகொண்டு வருகிற பயணிகூடக் கம்பியைப் பிடிக்க வேண்டியிருக்காது, வண்டியை அவ்வளவு பதமாக நிறுத்துவார். அந்தப் பதமெல்லாம் கைகாலில் மட்டும்தான். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.

"என் வீட்டுக்காரி பெரிய பெரிய கம்பெனிக்கெல்லாம் மார்க் போடறா" என்பார். எதற்கு மார்க் என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. முதல் இரண்டு வருஷம், அவள் புகைபோக்கிக்குப் பக்கத்தில் நின்று புகையை அளக்கிறாள் என்றே சொல்லிக்கொண்டு திரிந்தார். விஷயம் அவள் காதுக்குப் போனது.

"புகையை அளக்கிறவங்க வேற. நான் பேச்சை அளக்கிறேன்" என்றாள்.

"பேச்சை எதுக்கு அளக்கணும்?"

"வெயில் வருஷத்துக்கு வருஷம் ஏறுது, மழை முறை தப்புது. இதுக்கு மேல கெட்டுப்போகாம இருக்கச் சட்டம் எழுதறாங்க. எழுதறவங்ககிட்ட ஒவ்வொரு கம்பெனியும் போய் ஏதோ சொல்லுது. விளம்பரத்துல ஒண்ணு சொல்லும், அங்கே ஒண்ணு சொல்லும். அங்கே என்ன சொல்லுதுன்னு தேடிப் படிச்சு மார்க் போடறேன்."

அவருக்கு ஒரு மாதிரி புரிந்தது. பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் எல்லாம் குழம்பிவிடும். அரைகுறையாகப் புரிந்த ஒன்றைப் பற்றி இவ்வளவு பெருமைப்படுவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். அது அவரிடம் ஏராளமாக இருந்தது.

அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, அவுட்டக்கா. கல்யாணத்துக்கு முன்பு வாரநாளில் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. வார இறுதியில் உள்ளரங்கப் பேட்மிண்டன் பந்தயங்களுக்குக் கோட்டு நடுவர். ஆடுகளத்தின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று சொல்கிற வேலை. வருமானம் பெரிதாக ஒன்றும் இல்லை, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். எதிரில் நிற்பது எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் "அவுட்" என்று அரங்கம் அதிரச் சொல்வாள். ஆடுகிற பிள்ளைகள் வைத்த பெயர் அது.

பிரேக் அவளை முதன்முதலில் பார்த்தது அங்கேதான். நண்பன் ஒருவன் இறுதிப் பந்தயம் பார்க்க இழுத்துக்கொண்டு போயிருந்தான். ஆட்டம் சூடு பிடித்திருந்த நேரம். ஆட்டக்காரன் ஒருவன் குறுக்கே பாய்ந்ததில் அவன் முதுகு அவளுக்கு மறைத்துவிட்டது. பந்து கோட்டோரம் விழுந்தது. அரங்கம் முழுவதும் "அவுட், அவுட்" என்று கத்தியது. அவளோ இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"பாவம்டா, அந்தப் பொண்ணு அழுது" என்றார் பிரேக்.

"அழலைடா. 'நான் பார்க்கலை'ன்னு காட்டறா. இந்த ஆட்டத்துல அதுக்கு அதுதான் சைகை."

"பார்க்கலைன்னு சொல்லவா நாற்காலி போட்டு உக்கார வெச்சிருக்காங்க?"

நண்பன் சிரித்தான். அரங்கம் சிரிக்கவில்லை, ஊளையிட்டது. காகிதக் கோப்பை ஒன்று அவள் காலடியில் வந்து விழுந்தது. அவள் கண்ணிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அடுத்த பந்துக்குத் தயாராகிவிட்டாள். தெரியாததைத் தெரியாது என்று அத்தனை பேர் நடுவில் ஒரு பெண் சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அந்த இடத்திலேயே தொபுக்கென்று விழுந்தார். இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அவள் தட்டச்சிலிருந்து மெல்ல மேலே வந்தாள். மாலை வகுப்பில் படித்துப் பட்டம் வாங்கினாள். விபத்தில் நசுங்கிய வண்டிகளுக்கு இழப்பீடு கேட்டு வருகிற மனுக்களைச் சரிபார்க்கிற பிரிவுக்கு மாற்றினார்கள். எழுதிக் கொடுப்பது ஒன்று, நடந்தது ஒன்று என்பதை அங்கே அக்குவேறு ஆணிவேறாகக் கற்றுக்கொண்டாள். நாற்பது தாண்டியபிறகு, நல்ல வேலையை விட்டுவிட்டு, யாரும் கேள்விப்படாத ஒரு சின்ன அலுவலகத்தில் போய்ச் சேர்ந்தாள். உறவுக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பிரேக் மட்டும், "அவ பார்த்து ஒண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அந்த அலுவலகம் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றுக்கு மேலே, மூன்றாவது மாடியில். மாடிப்படியில் பக்கத்துக் குடித்தனக்காரரின் சைக்கிள் எப்போதும் குறுக்கே நிற்கும். உள்ளே ஏழு மேசை, ஓயாமல் இருமுகிற ஓர் அச்சு இயந்திரம், பக்கெட்டில் சொட்டிக்கொண்டிருக்கும் ஏசி. இயக்குநர் முன்பு பத்திரிகையில் இருந்த அம்மாள். உலகத்தின் கொழுத்த கம்பெனிகளுக்கெல்லாம் இந்த அறையிலிருந்துதான் மார்க் போகிறது என்று சொன்னால் கீழே கண்ணாடிக் கடைக்காரரே நம்ப மாட்டார்.

வேலைமுறை கறாரானது. ஒரு கம்பெனியை இரண்டு பேர் தனித்தனியாகப் படிப்பார்கள், ஒருவர் போட்ட மார்க்கை இன்னொருவர் பார்க்கக் கூடாது. இந்தச் சட்டத்தைப் பற்றி என்ன சொன்னது, அந்த வரியைப் பற்றி என்ன சொன்னது என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். நன்றாக ஆதரித்திருந்தால் பிளஸ், முட்டுக்கட்டை போட்டிருந்தால் மைனஸ், ஆதாரம் கிடைக்கவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். இதோடு அவுட்டக்கா சொந்தமாக ஒரு வழக்கம் வைத்திருந்தாள். படிக்கிற பக்கத்தில் கம்பெனியின் பெயர் வருகிற இடத்திலெல்லாம் மஞ்சள் காகிதத் துண்டை ஒட்டி மறைத்துவிடுவாள். "பேரைப் பார்த்தா கை ஆடும்" என்பாள். கூட வேலை பார்க்கிற வக்கீல் முதலில் கிண்டலடித்தார். பிறகு அவர் மேசையிலும் மஞ்சள் காகிதம் முளைத்தது.

அப்படியிருக்கையில்தான் அந்தக் கம்பெனி அவள் மேசைக்கு வந்தது. எந்தக் கம்பெனி என்று கேட்க வேண்டாம், கணினிக் கம்பெனிகளில் பெரியது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சட்டைப்பையில் இருப்பதில் பாதி அதனுடையதுதான். ஓட்டுநர்கள் வழி பார்க்கிற மேப்பு அதனுடையது, டிக்கெட் கொடுக்கிற கருவிக்குள் ஓடுவதும் அதனுடையது. அதன் விளம்பரங்களைப் பார்த்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பச்சைப் புல்வெளியில் ஒரு குழந்தை ஓடும், பின்னால் காற்றாலை சுற்றும். அந்தக் கம்பெனிக்கு ஊருக்கு வெளியே தரவுக்கூடங்கள் இருந்தன. ஜன்னலே இல்லாத நீளக் கட்டடங்கள், உள்ளே அலமாரி அலமாரியாகக் கணினிகள். ஒவ்வொரு கூடமும் ஒரு நகரம் குடிக்கிற மின்சாரத்தைத் தனியாக உட்கார்ந்து குடிக்கும்.

அதைப் பற்றித்தான் சட்டம் வந்துகொண்டிருந்தது. தரவுக்கூடம் எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது, அது எங்கிருந்து வருகிறது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றது ஒரு பிரிவு. புதிதாகக் கூடம் கட்டுகிறவர் அதற்கு வேண்டிய சுத்தமான மின்சாரத்தையும் புதிதாக ஏற்பாடு செய்துகொண்டு வர வேண்டும், இருப்பதில் பங்கு கேட்கக் கூடாது என்றது ஒன்பதாவது பிரிவு. கம்பெனிகள் சிணுங்கியது இந்த ஒன்பதுக்குத்தான்.

அவுட்டக்காவும் வக்கீலும் மாதக்கணக்கில் படித்தார்கள். கம்பெனி தன் பெயரில் நேரடியாக எழுதிய ஒரு கடிதம், மின்சாரக் கணக்கை வெளிப்படையாகச் சொல்லும் பிரிவை முழுமனதோடு ஆதரித்தது. அவள் சந்தோஷமாக முழு பிளஸ் போட்டாள். ஒன்பதாவது பிரிவைப் பற்றி எழுதிய கடிதமோ பக்கம் பக்கமாகப் பாராட்டிவிட்டு, கடைசியில் "கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் நன்றாக இருக்கும்" என்று மென்று முழுங்கியது. இது போதாதென்று, கம்பெனி சந்தா கட்டி, நிர்வாகக் குழுவிலும் உட்கார்ந்திருக்கிற கம்பெனிகளின் சங்கம், ஒன்பதாவது பிரிவை அடியோடு தூக்கச் சொல்லிச் சட்டம் எழுதுகிறவர்களை விடாமல் துரத்திக்கொண்டிருந்தது. அதற்கு மைனஸ். ஏ-யிலிருந்து எஃப் வரை உள்ள வரிசையில் கம்பெனிக்குக் கிடைத்தது சி. இரண்டு பேரும் தனித்தனியாகப் போட்டதும் அதேதான்.

ஒரு கட்டம் மட்டும் காலி. சட்டக்குழு நடத்திய விசாரணையின் வீடியோவில், ஒன்பதாவது பிரிவை அப்படியே ஏற்கிறவர்கள் கை தூக்கலாம் என்று குழுத்தலைவி கேட்கிறார். கம்பெனியின் ஆள் இரண்டாவது வரிசையில் இருக்கிறார். அந்த நேரம் பார்த்துக் கேமரா குழுத்தலைவியின் முகத்தையே காட்டிக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது எல்லாக் கையும் கீழே. யார் தூக்கினார் என்று குறிப்பிலும் இல்லை. அவுட்டக்கா வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு, "பார்க்கவில்லை" என்று எழுதிவிட்டாள்.

மார்க்கெல்லாம் அறிக்கையாக வெளிவந்தது. அது பிரேக்கின் பணிமனைக்குள் வந்து நுழைந்ததுதான் வேடிக்கை. ஓட்டுநர்களின் ஓய்வூதிய நிதி அந்தக் கம்பெனியில் பங்கு வைத்திருந்தது. கம்பெனியின் ஆண்டுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் வரவிருந்தது. சட்டம் எழுதுகிறவர்களிடம் கம்பெனி தானாகவும், சங்கங்கள் வழியாகவும் என்ன சொல்கிறது என்பதை ஊரறியச் சொல்ல வேண்டும் என்று கேட்கிற தீர்மானம். நிதி அதை ஆதரிப்பதா வேண்டாமா என்று ஓட்டுநர்களின் பிரதிநிதிகள் கூடி முடிவு செய்ய வேண்டும். பணிமனைக்கு ஒருவர். பிரேக்கும் அதில் ஒருவர்.

நிதியின் தலைவர் பழைய ஓட்டுநர், பெரிய குரல்காரர். அவர் ஒரு நாள் பிரேக்கின் தோளில் கை போட்டார்.

"உன் வீட்டம்மா அறிக்கையைப் படிச்சேன்யா. பிரமாதம். ஆனா, சி போட்டுட்டாங்களே. சி-ன்னா நம்ம ஆளுங்களுக்குப் பாஸ் மாதிரி தெரியும். அந்தக் காலிக் கட்டத்துல ஒரு மைனஸ் விழுந்தா டி ஆயிடும், தீர்மானத்துக்கு ஓட்டும் விழும். வீட்டுல பக்குவமா சொல்லிப் பாரேன்."

தலைவர் ஒன்று கேட்டு மறுப்பது பிரேக்குக்குப் பழக்கமில்லை. அன்று மாலை பாத்திரம் கழுவிக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தார். அவள் பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அந்தக் காலிக் கட்டம் இருக்குல்ல…"

அவள் கை நின்றது. "யாரு சொல்லி அனுப்பினாங்க?"

"யாரும் இல்லை. நானாத்தான் யோசிச்சேன்."

"நீங்களா யோசிச்சு, கட்டம்ங்கிற வரைக்கும் வந்துட்டீங்களா?"

பிரேக் உண்மையைக் கக்கிவிட்டார். அவள் கோபப்படவில்லை, தட்டைத் துடைத்து மேலே வைத்தாள்.

"கேமரா வேற பக்கம் இருந்துச்சுங்க. அந்த ஆள் கை தூக்கினாரா இல்லையான்னு நான் பார்க்கலை."

"தூக்கியிருக்க மாட்டான்னு எல்லாருக்கும் தெரியுமே."

"தூக்கியிருக்க மாட்டார்னு எனக்கும்தான் தோணுது. தோணினதை எழுதி, நாளைக்கு அது தப்புன்னு யாராவது காட்டிட்டா, பார்த்து எழுதின மத்ததையும் சேர்த்துக் குப்பையில போட்டுடுவாங்க."

அவளுக்கு இன்னொன்று பாக்கி இருந்தது.

"கூட்டத்துல நீங்க கை தூக்கக் கூடாது. இந்தப் பக்கமும் வேணாம், அந்தப் பக்கமும் வேணாம். என் வீட்டுக்காரர் அங்கே உறுப்பினர்னு ஆபீஸ்ல எழுதிக் கொடுத்திருக்கேன். அவ எழுதினா, அவ புருஷன் கை தூக்கினான்னு ஒரு வாய் சொல்லிடக் கூடாது."

"நான் பிரதிநிதிம்மா. கை தூக்கத்தானே அனுப்பறாங்க?"

"உங்களுக்குப் பதிலா வேற ஆளை அனுப்பச் சொல்லுங்க."

"பட்டியல் போன மாசமே மூடியாச்சு."

"அப்போ பணிமனையில விஷயத்தைச் சொல்லிட்டு, போய் சும்மா உக்காந்துட்டு வாங்க."

அன்று பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவப்பட்டன. கோபம் இல்லை, ஆற்றாமை. அவளுக்காக வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கை தூக்க ஒரு வாய்ப்பு வந்தது, அதையும் அவளே தட்டிவிடுகிறாள். பணிமனையில் போய்ச் சொன்னார். "உன் வீட்டுக்காரி சொன்னா சரிதான்பா, நீ போய் அவங்க பேசறதைக் கேட்டுட்டு வா" என்று விட்டுவிட்டார்கள்.

கூட்டம் தொழிற்சங்கக் கட்டடத்து மண்டபத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகள், கடகடவென்று ஓடும் மின்விசிறிகள், தொட்டால் கீச்சிடும் மைக். பிரேக் நடு வரிசையில் உட்கார்ந்தார். அவருக்கு முன்னால், மேப்பு என்று எல்லோரும் கூப்பிடுகிற ஆள். விமான நிலையப் பணிமனைக்காரர், கம்பெனியின் மேப்பைத் தவிர வேறு கடவுள் இல்லை என்று நினைக்கிறவர். கடைசி நிறுத்தத்து டீக்கடையில் பிரேக்கோடு இதைப் பற்றி எத்தனையோ முறை மல்லுக்கு நின்றிருக்கிறார். கம்பெனியைக் குறை சொல்கிற எவரையும் மேப்புக்குப் பிடிக்காது.

முதலில் கம்பெனியிலிருந்து வந்த பெண் பேசினாள். சாம்பல் நிற மேல்சட்டை, அமைதியான குரல், யாரையும் தாழ்த்தாத பேச்சு. திரையில் படம் படமாக ஓட்டினாள். தங்கள் கட்டடங்களுக்குச் சூரிய மின்சாரம், தங்கள் வண்டிகள் எல்லாம் மின்வண்டி. எல்லாம் நிஜம்தான். கைதட்டல் பலமாக விழுந்தது, மேப்பு எழுந்து நின்றே தட்டினார்.

அடுத்தது, அறிக்கையை விளக்க நிதி கூப்பிட்டிருந்த அவுட்டக்கா. அவளிடம் படம் எதுவும் இல்லை. மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"இவங்க காட்டின எல்லாம் உண்மை. நானே சரிபார்த்தேன். ஒரு ஓட்டுநர் வண்டியை ரொம்ப நல்லா ஓட்டறார்னு வெச்சுக்குங்க. சிக்னல்ல நிக்கறார், வேகம் தாண்ட மாட்டார், சின்னக் கீறல் கிடையாது. அவருக்கு நீங்க என்ன மார்க் போடுவீங்க?"

"நூறு" என்றது கூட்டம்.

"நானும் நூறுதான் போடுவேன். அதே ஓட்டுநர், சாலை விதி எழுதற இடத்துக்குத் தன் சங்கத்தை அனுப்பி, 'அந்தச் சிக்னலை எடுத்துடுங்க'ன்னு கேக்கறார். இப்போ?"

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. சிக்னல் விஷயத்தில் ஓட்டுநர்களிடம் விளையாட முடியாது.

"கம்பெனி வண்டியை எப்படி ஓட்டுதுங்கிறதுக்கு மார்க் போடறது என் வேலை இல்லை. விதி எழுதற இடத்துல என்ன கேக்குதுங்கிறதுதான் என் வேலை. சில இடத்துல நல்லதைக் கேட்டிருக்காங்க, நல்ல மார்க் போட்டிருக்கேன். சில இடத்துல தானும் மழுப்பி, சங்கத்தை விட்டுத் தடுக்கவும் வெச்சிருக்காங்க. அதுக்குக் கொறைச்சிருக்கேன். மொத்தம் சி. இன்னும் மோசம்னு நினைக்கறவங்களும் இங்கே இருக்காங்க, ஆனா ஆதாரம் அந்த அளவுக்குத்தான் இருக்கு."

தலைவர் மேடையில் நெளிந்தார். பிரேக்குக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பத்து வருஷமாக அவர் வாயில் வராமல் அடம்பிடித்த விஷயத்தை அவள் ஒரு சிக்னலை வைத்துச் சொல்லி முடித்துவிட்டாள்.

கம்பெனிப் பெண் கை தூக்கினாள். "உங்க அறிக்கையில ஒரு கேள்வி காலியா இருக்கு. விசாரணை அன்னிக்கு எங்க ஆள் அந்தச் சட்டத்துக்கு ஆதரவாத்தான் இருந்தார். அதைச் சேர்த்திருந்தா எங்க மார்க் கூடியிருக்கும். நீங்க விட்டுட்டீங்க."

எங்கே சறுக்கிவிடுவாளோ என்று கூட்டம் பார்த்தது.

"நான் பார்க்கலை, அதனாலதான் விட்டேன். இப்போ சொல்லுங்க, சேர்த்துக்கறேன்" என்றாள் அவுட்டக்கா. பேனாவை எடுத்துக்கொண்டாள். "ஒன்பதாவது பிரிவை, இப்போ எழுதியிருக்கிறபடியே, உங்க கம்பெனி ஏத்துக்குதா?"

அந்தப் பெண் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தாள், கூட வந்தவரைப் பார்த்தாள். அவள் நல்ல பெண், பொய் சொல்ல வரவில்லை.

"அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது" என்றாள் கடைசியில்.

பின்வரிசையில் யாரோ சீட்டியடித்தார்கள். தலைவர் சட்டென்று குனிந்து மைக்கைப் பிடித்தார். "பார்த்துக்கிட்டீங்களா? இப்போவாவது மைனஸ் போடுங்கம்மா."

"அவங்களுக்கு அதிகாரம் இல்லைன்னு நேர்மையா சொல்றாங்க. அது கம்பெனி சொன்ன பதில் இல்லை" என்றாள் அவுட்டக்கா. அந்தப் பெண்ணைப் பார்த்து, "எழுத்துல அனுப்புங்க. வந்த அன்னிக்கே திருத்தறேன், ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி. அதுவரைக்கும் காலியாவே இருக்கட்டும்" என்று சொல்லிப் பேனாவை மூடிவிட்டாள்.

தலைவரின் முகத்தில் ஈயாடவில்லை. கையில் வந்து விழுந்த வெற்றியை இப்படியா திருப்பிக் கொடுப்பார்கள்? பிரேக் மட்டும் தன் இரண்டு கையையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே விட்டால் அவை தாமாகவே தட்டிவிடும் என்ற பயம்.

பிறகு வாக்கெடுப்பு. ஆதரிக்கிறவர்கள் கை தூக்கினார்கள், எண்ணினார்கள். எதிர்க்கிறவர்கள் தூக்கினார்கள், மேப்பின் கை எல்லாக் கையையும்விட உயரமாக நின்றது. எண்ணியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மறுபடி எண்ணினார்கள். சரிபாதி. சமமாக வந்தால் தீர்மானத்தை ஆதரிக்க முடியாது, அதுதான் நிதியின் விதி.

"ஒரு கை குறையுதே" என்றார் எண்ணியவர். "பிரேக் அண்ணன் ரெண்டுக்கும் தூக்கலை."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. தலைவரின் முகம் மலர்ந்துவிட்டது. "யோவ், தூங்கிட்டியா? கையைத் தூக்குய்யா, வீட்டுக்குப் போலாம்."

பிரேக் மேடையைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள். மாதக்கணக்கில் அவள் கண் சிவக்கப் படித்ததெல்லாம் அவருடைய ஒரு கையில் தொங்கிக்கொண்டிருந்தது. தூக்கினால் ஜெயம். அதைவிட எதையும் அவர் ஆசைப்பட்டதில்லை. கை மரத்துப்போகிற அளவுக்கு ஆசை. அவர் எழுந்து நின்றார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் தூக்க மாட்டேன்."

"ஏன்யா?"

"அந்த அறிக்கையை எழுதினது என் வீட்டுக்காரி. அவ எழுதினதுக்கு நான் கை தூக்கினா நல்லா இருக்காது, தூக்காதீங்கன்னு சொல்லிட்டா. எனக்கு இஷ்டமே இல்லை, சண்டைகூடப் போட்டேன். இப்பவும் என் கை துடிக்குது. ஆனா, அவ சொன்னதுதான் சரி." நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவருக்குத்தான் நிறுத்தத் தெரியாதே. "என் கையால அவ ஜெயிக்க வேணாம். அவளுக்கு அது தேவையில்லை. அவளைக் கட்டிக்கிட்டதைத் தவிர நான் வாழ்க்கையில பெருமைப்பட வேற ஒண்ணும் செய்யலை. அதையும் இன்னிக்குக் கெடுத்துக்க மாட்டேன்."

உட்கார்ந்துவிட்டார். தலைவர் பெருமூச்சு விட்டு, தீர்மானம் தோற்றது என்று சொல்ல மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"ஒரு நிமிஷம்" என்றார் மேப்பு. எழுந்தார். "முடிவு சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

"அப்போ என் கையை அந்தப் பக்கம் மாத்தி எழுதிக்குங்க." திரும்பிப் பிரேக்கைப் பார்த்தார், பழைய விரோதம் கொஞ்சம் இன்னும் முகத்தில் இருந்தது. "கம்பெனியோட மேப்பு நல்ல மேப்புதான், நாளைக்கும் அதைப் பார்த்துத்தான் ஓட்டுவேன். ஆனா, ஜெயிக்கிற ஓட்டைக் கையில வெச்சுக்கிட்டு வேணாம்னு சொல்றாங்க ஒரு வீட்டுல. அந்த வீட்டுல எழுதின காகிதத்தை நம்பாம வேற எதைத்தான்யா நம்பறது?"

எண்ணியவர் எழுதிக்கொண்டார். தலைவர் முடிவை அறிவித்தபோது மைக் கீச்சிட்டதில் பாதிப் பேருக்கு அது கேட்கவேயில்லை. கைதட்டலை வைத்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், திட்டு வரும் என்று தெரியும்.

"கை தூக்காதீங்கன்னுதானே சொன்னேன்" என்றாள். "வாயைத் திறக்கச் சொன்னேனா? கை தூக்கியிருந்தா ஒரு ஓட்டு. பேசி ரெண்டு பக்கத்தையும் கலக்கிட்டீங்க. இப்போ நடந்ததை அப்படியே நான் ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கணும்."

"என்னன்னு எழுதுவே?"

"'என் கணவர் வாக்களிக்கவில்லை. ஆனால், பேசினார்'னு எழுதுவேன்."

"பெருமையா பேசினார்னு எழுதேன்."

"அது அபிப்பிராயம். ஆதாரம் இல்லாம எழுத முடியாது."

பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்ப்பதுபோல அவள் திரும்பினாள். பேருந்து வரவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள், கோட்டோரம் விழுந்த பந்தைப் பார்க்கிற மாதிரி கூர்ந்து பார்த்தாள். வாயெல்லாம் பல்லாக, கண்ணெல்லாம் தண்ணீராக நின்றுகொண்டிருந்தார் மனிதர்.

"சரி" என்றாள். "எழுதிக்கறேன்."